வேவ் பம்ப்பை அமைக்கும் முறை: இடத்திலிருந்து நேர அட்டவணை வரை முழுமையான வழிகாட்டி

மீன்தொட்டிக்குள் நீரோட்டத்தை உண்டாக்கும் வேவ் பம்ப் கைக்கு வந்ததும் பலர் செய்வது, அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு கன்ட்ரோலரில் இருக்கும் மோடுகளை, அதாவது ஓடும் முறைகளை, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது. சிறிது நேரத்தில் மணல் பறக்கும், மீன்கள் மூலையில் ஒதுங்கும், தண்ணீர் கலங்கும். உடனே வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. பம்ப்பில் குறை எதுவும் இல்லை. வரிசைதான் தலைகீழாகப் போய்விட்டது.

முதலில் இடம், அப்புறம் திசை, அதற்குப் பின் வேகம், பிறகுதான் மோட், கடைசியில் நேர அட்டவணை. தவறான இடத்தில் இருக்கும் பம்ப்பை எந்த மோடாலும் சரிக்கட்ட முடியாது. நல்ல இடத்தில் இருக்கும் சாதாரண பம்ப்போ, ஒரே வேகத்தில் ஓடினாலும் தொட்டியை நன்றாக வைத்திருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது. கன்ட்ரோலர் காட்டும் சதவீதத்தைவிட, தொட்டிக்குள் தெரியும் அசைவையே நம்புங்கள்.

நீரோட்டம் எதற்காக

ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் ஓர் இடத்தில் விழுந்து, ஒரே பாதையில் திரும்பிப் போகும். கல்லுக்குப் பின்னால், மூலைகளில், மணலை ஒட்டி இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய அசையாமலேயே நிற்கும். கழிவு அங்கேதான் தங்கும். சிவப்புச் சளிப் பாசியும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

இரண்டாவது காரணம் ஆக்சிஜன். அது தண்ணீருக்குள் நுழைவது பெரும்பாலும் மேற்பரப்பு வழியாக. மேலே இருக்கும் தண்ணீர் கீழே போய், கீழே இருப்பது மேலே வந்துகொண்டே இருந்தால்தான் தொட்டி முழுவதும் அது பரவும். 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனைத்தான் தாங்கும். கடல்நீர் 7 மில்லிகிராமைக்கூடத் தொடாது. வெப்பம் ஏற ஏற இது இன்னும் குறையும். ஆக, வெயில் காலத்தில் மேற்பரப்பு அசைவுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

பவளம் வளர்ப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று. பவளத்தின் தோலை ஒட்டி மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாமல் நிற்கும். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் வெளியேறுவதும், உணவும் சத்துகளும் உள்ளே வருவதும் இந்தப் படலத்தைக் கடந்துதான். ஓட்டம் கூடினால் படலம் மெலியும். ஓட்டம் ஆக்சிஜனை வெளியே இழுத்துவிடுவதால் பவளத்தின் ஒளிச்சேர்க்கையே கூடுகிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விளக்கை மாற்றியும் வளராத பவளம், பம்ப்பைத் திருப்பி வைத்ததும் வளரத் தொடங்குவது அதனால்தான்.

கையை நனைக்கும் முன்

தொட்டிக்குள் கை விடும்போது பம்ப், ஹீட்டர் இரண்டின் பிளக்கையும் உருவிவிடுங்கள். வயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறக் கூடாது. நடுவில் ஒரு வளைவு பிளக்கைவிடக் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் எந்த மீன்தொட்டியையும் ஓட்டாதீர்கள்.

பம்ப்பைக் கண்ணாடியோடு பிடித்து வைக்கும் காந்தம் எவ்வளவு கனமான கண்ணாடிக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், பாருங்கள். மெல்லிய கண்ணாடிக்கான காந்தம் கனமான கண்ணாடியில் நழுவும். பெரிய பம்ப்களின் காந்தம் விரலை நசுக்கும் அளவுக்கு வலுவானது. இரண்டு பாதியையும் நேருக்கு நேர் கொண்டுபோகாமல், ஓரத்திலிருந்து வழுக்கிச் சேருங்கள். இடையில் மணல் துகள் மாட்டினால் கண்ணாடியில் கீறல் விழும்.

எவ்வளவு ஓட்டம் தேவை

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 120 × 45 × 45 தொட்டி 243 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் உண்மையில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 லிட்டர்.

இதை மணிக்கு எத்தனை முறை சுழற்றுவது என்பதற்கு வளர்ப்பவர்கள் நடுவே ஒரு பொதுவான கணக்கு உண்டு. பலவகை மீன்கள் இருக்கும் நன்னீர்த் தொட்டிக்கு ஃபில்டரையும் சேர்த்து 4 முதல் 6 மடங்கு. செடிகள் நிறைந்த தொட்டிக்கு 10 மடங்கு வரை. மீன்கள் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கும், மென்பவளங்களுக்கும் 10 முதல் 20. சதைப்பற்றுள்ள எல்பிஎஸ் பவளங்களுக்கு 20 முதல் 30. கிளைகிளையாக வளரும் எஸ்பிஎஸ் பவளங்களுக்கு 40, அதற்கும் மேல். 200 லிட்டரில் மென்பவளம் வைத்தால் மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் பம்ப்பிலிருந்து தொடங்கலாம்.

தொடங்க மட்டும்தான் இந்தக் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண் தடையில்லாத தண்ணீரில் எடுத்தது. கல்லும் பவளமும் நிறைந்த தொட்டியில் ஓட்டம் சீக்கிரமே தளரும். ஒரே 3000 லிட்டரை ஒரு பம்ப் குறுகிய பீச்சலாக அடிக்கும், இன்னொன்று அகலமாக மென்மையாகத் தள்ளும். இரண்டும் பவளத்துக்கு ஒன்றல்ல. வாங்கும்போது தேர்வு இருந்தால் அகலமாகத் தள்ளுவதையே எடுங்கள். ஒரே பெரிய பம்ப்பைவிட இரண்டு சிறிய பம்ப்கள் மேல் என்பதும் என் உறுதியான கருத்து. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். இரண்டு ஓட்டங்கள் மோதும் இடத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும்.

படி 1: இடம்

ஒரே பம்ப் என்றால், குறுகிய பக்கக் கண்ணாடியில், தண்ணீர் ஆழத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். தொட்டியின் நீளம் முழுவதும் ஓட்டத்துக்குக் கிடைக்கும். அது எதிர்க் கண்ணாடியில் மோதி, கீழே இறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வரும். இப்படித் தொட்டியே ஒரு பெரிய சுழற்சியாக மாறினால், குறைந்த வேகத்திலும் தண்ணீர் எங்கும் போகும்.

மேற்பரப்புக்கு மிக அருகில் வைத்தால் பம்ப் காற்றை இழுக்கும். கரகரவென்ற சத்தமும் தொட்டி முழுக்க நுண்குமிழிகளும் வந்தால் காரணம் அதுதான். குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் கொடுங்கள். வலுவான பம்ப் என்றால் இன்னும் கீழே. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கிய நாளிலும் அந்த ஆழம் மிஞ்ச வேண்டும்.

இரண்டு பம்ப் என்றால் எதிரெதிர் பக்கங்களில் வையுங்கள், ஆனால் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டாம். ஒன்று சற்று முன்கண்ணாடியை நோக்கியும் மற்றது பின்பக்கத்தை நோக்கியும் இருந்தால் சுழற்சி கிடைக்கும். கழிவு கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) உள்ள தொட்டியில், தண்ணீர் அதற்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவை நோக்கி, மற்றத் தொட்டிகளில் ஃபில்டர் உறிஞ்சும் குழாயை நோக்கி ஓட்டம் முடிய வேண்டும். ஹீட்டரும் இந்த ஓட்டத்தின் வழியில் இருந்தால் வெப்பம் சீராகப் பரவும்.

பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிரினமான அனிமோனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பம்ப்பின் இறக்கைக்குப் பாதுகாப்பு வலை இல்லாமல் ஓட்டாதீர்கள். அனிமோன் இடம் மாறும் உயிரினம். இரவில் நகர்ந்து போய்ப் பம்ப்பில் சிக்கினால் அதுவும் சிதையும், தண்ணீரும் கெடும், மற்ற உயிர்களும் போகும்.

படி 2: திசை

பம்ப்பை மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்த்தால் மேற்பரப்பு நன்றாக நெளியும். கண்ணாடிபோல அசையாமல், எண்ணெய் படிந்தது மாதிரி மேற்பரப்பு தெரிந்தால் சாய்வு போதவில்லை. கீழ்நோக்கிச் சாய்த்தால் மணல் கிளம்பும். அந்தத் தேவை மிக அரிது.

பம்ப்பின் வாய்க்கு நேர் எதிரே 30 சென்டிமீட்டருக்குள் பவளம் எதுவும் இருக்கக் கூடாது. பீச்சல் நேராக அடித்துக்கொண்டே இருந்தால் பவளத்தின் சதை எலும்புக்கூட்டிலிருந்து கிழிந்து விலகும். ஓட்டம் பவளத்தின் மேல் நேராக விழாமல், கண்ணாடியிலோ மேற்பரப்பிலோ மோதிச் சிதறி வந்து சேர வேண்டும்.

செடித்தொட்டியில் கரியமில வாயு செலுத்துபவர்கள் இங்கே ஒரு சமநிலை பார்க்க வேண்டும். மேற்பரப்பு அதிகம் கலங்கினால் வாயு பறந்துவிடும். பம்ப்பைக் கிடைமட்டமாக வைத்து, இலைகள் மெல்ல ஆடும் அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள். விளக்கு அணைந்த பிறகு செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், இரவில் மேற்பரப்பு அசைவு கூடினால் நல்லது.

படி 3: வேகம்

கான்ஸ்டன்ட் மோடில், அதாவது ஒரே சீரான ஓட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள். 25, 30 சதவீதம் போதும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் ஏற்றுங்கள். உயிரினங்களுக்குப் பழக நேரம் வேண்டும், உங்களுக்கும் கவனிக்க நேரம் வேண்டும்.

50 சதவீதம் என்றால் பாதி ஓட்டம் என்று எல்லா பம்ப்களிலும் சொல்ல முடியாது. அந்த எண்ணை இன்னொருவர் தொட்டியின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. சில பம்ப்கள் மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறி நின்றுவிடும். உங்கள் பம்ப் எந்த அளவுக்குக் கீழே தடுமாறுகிறது என்று முதல் நாளே பார்த்துக் குறித்து வையுங்கள். பிறகு இரவு நேர அமைப்புக்கு அந்த எண் தேவைப்படும்.

எப்போது நிறுத்துவது? மணல் ஓரிடத்தில் குழியாகி அடிக்கண்ணாடி தெரியத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். முதலில் திசையை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகே வேகத்தைக் குறையுங்கள். மிக நைசான மணல் போட்ட தொட்டியில் எஸ்பிஎஸ் பவளத்துக்கு வேண்டிய ஓட்டத்தைக் கொடுப்பது கடினம். கரடான மணலுக்கு மாறுவதுதான் அதற்குத் தீர்வு.

படி 4: தேங்கும் இடங்களைத் தேடுதல்

வேகம் ஒரு நிலைக்கு வந்ததும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நைசான மீன் உணவை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துப் பம்ப்பின் முன் விடுங்கள். துகள்கள் எந்த வழியாகப் போகின்றன, எங்கே வேகம் குறைகிறது, எங்கே சுற்றிச் சுற்றி நிற்கின்றன என்று பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தால் துகள்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கல்லிடுக்குகளில் பீச்சுங்கள். எங்கே புகைபோலக் கழிவு கிளம்புகிறதோ அங்கே ஓட்டம் எட்டவில்லை. பம்ப்பைச் சில டிகிரி திருப்பி, ஒரு வாரம் விட்டு மறுபடி பீச்சிப் பாருங்கள். எந்தத் திசைக்கும் மசியாத இடுக்கு இருந்தால் கல்லை அடுக்கிய விதத்தில்தான் சிக்கல். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வேகத்தை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால் முன்னால் இருக்கும் பவளம்தான் அடிபடும்.

படி 5: மோட்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. மோட்களின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உள்ளே நடப்பது சில வகைகள்தான்.

கான்ஸ்டன்ட் மோடில் ஓட்டம் மாறாது. நன்னீர்த் தொட்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பவளத்தொட்டியில் இதையே வைத்தால் ஒரு பக்கம் எப்போதும் அடிவாங்கும், மறுபக்கத்துக்கு ஓட்டம் எப்போதும் எட்டாது.

ரேண்டம் மோடில் வேகம் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். கலப்புப் பவளத் தொட்டிக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் அமைக்க முடிந்தால், படி 3-இல் கண்டுபிடித்த வேகத்தை மேல் எல்லையாக வைத்து, அதில் பாதியைக் கீழ் எல்லையாக வையுங்கள்.

பல்ஸ் அல்லது வேவ் மோடில் பம்ப் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: பாதி நேரம் நின்றால் மொத்த ஓட்டமும் ஏறத்தாழ பாதியாகும். கான்ஸ்டன்டில் 50 சதவீதத்தில் நன்றாக இருந்த தொட்டியை அப்படியே பல்ஸில் 50-க்கு மாற்றினால் மூலைகளில் கழிவு சேரத் தொடங்கும். மோட் மாற்றும்போதெல்லாம் படி 4-இன் சோதனையை மறுபடி செய்ய வேண்டியது அதனால்தான்.

இரண்டு பம்ப்களை இணைத்தால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் எதிர்மாற்று முறை கிடைக்கும். சில மணி நேரத்துக்கு இடது பக்கம், பிறகு வலது பக்கம் என்று மாற்றுவது கடலின் ஏற்ற இறக்கத்துக்கு நெருக்கமானது. பவளத்தின் இரு பக்கமும் முறை வைத்து ஓட்டம் பெறும்.

அலையைச் சரியாகக் கூட்டுவது

தொட்டித் தண்ணீர் முழுவதும் இடமும் வலமும் ஆடும் அந்த அலைக்கு, வலுவான பம்ப்பைவிடச் சரியான நேரம்தான் தேவை. ஊஞ்சலை ஆட்டுவது போலத்தான்: திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் இயல்பான ஆட்ட நேரம் ஒன்று உண்டு. நீளமும் தண்ணீர் ஆழமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. ஆழம் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 1.4 நொடி. 90 செ.மீ. நீளம், அதே ஆழம் என்றால் சுமார் 1.1 நொடி. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 0.9 நொடி. இதில் பாதி நேரம் பம்ப் ஓடி, பாதி நேரம் நிற்க வேண்டும். 120 செ.மீ. தொட்டிக்கு 0.7 நொடி ஓட்டம், 0.7 நொடி நிறுத்தம் என்று தொடங்குங்கள். கல் அடுக்கைப் பொறுத்து இது சற்று நகரும். கன்ட்ரோலர் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவில் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சரியான இடத்தைத் தொட்டதும் அலை தானாக வளர்வது கண்ணுக்கே தெரியும்.

வளர்வது தெரிந்ததும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். கண்ணாடி ஓரத்தில் மட்டம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் பவளத்துக்குப் போதும். 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை நொடிக்கு நொடி இடம் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். சிலிகான் இணைப்புகளும் ஸ்டாண்டும் அந்தச் சுமையை ஓயாமல் தாங்க வேண்டும். ஸ்டாண்டின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வையுங்கள். அதில் நெளிவு தெரிந்தால் அலையை இன்னும் குறையுங்கள். ஸ்டாண்டே ஆடினால் இந்த மோடை விட்டுவிட்டு ரேண்டமுக்குப் போங்கள். மேல்விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டியிலும், பழைய தொட்டியிலும் நான் இந்த அலையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தானாகத் தண்ணீர் நிரப்பும் சென்சார் பிரதான தொட்டியிலேயே இருந்தால், அலை அதைக் குழப்பும். அதை சம்ப்புக்கு மாற்றிவிடுங்கள். அலை கூடினால் ஆவியாதலும் கூடும். கடல்நீர்த் தொட்டியில் உப்பின் அளவு ஏறாமல் இருக்க, நன்னீர் நிரப்புவதையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

படி 6: நேர அட்டவணை

கரியமில வாயு செலுத்தும் செடித்தொட்டி தவிர மற்றவற்றில், இரவில் மீன்கள் ஓய்வெடுக்க வேகத்தைக் குறைக்கலாம். பகல் அளவில் பாதி வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம். விளக்கு அணைந்ததும் ஆக்சிஜன் உற்பத்தி நிற்கும், சுவாசம் மட்டும் தொடரும். விடியும் முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதிகாலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றால் இரவு அளவை உடனே ஏற்றுங்கள்.

உணவு போடும்போது, பம்ப்பைச் சற்று நிறுத்தி வைக்கும் ஃபீட் மோட் 10 நிமிடம் போதும். தானாக மறுபடி ஓடத் தொடங்கும் வகை என்றால் நிம்மதி. கையால் நிறுத்தி, கையால் இயக்கும் வகை என்றால் கைபேசியில் அலாரம் வையுங்கள். நிறுத்தியதை மறப்பது மிக எளிது.

உயிரினங்கள் சொல்வதைப் படிப்பது

மீன்கள் ஃபில்டருக்குப் பின்னாலேயே ஒண்டியிருந்தால், துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருந்தால், ஓரிடத்தில் நிற்கவே ஓயாமல் வாலை அடித்தால் ஓட்டம் அதிகம். பீட்டா, கௌராமி, வால் நீண்ட தங்கமீன் போன்றவற்றுக்கு வேவ் பம்ப்பே தேவையில்லை. குமிழிக் கூடு கட்டும் மீன்களுக்கு அது தொல்லை. டேனியோ போன்ற சுறுசுறுப்பான மீன்களும், மலையோடைகளில் வாழும் லோச்சுகளும் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி மகிழும்.

பவளத்தில் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். எல்பிஎஸ் பவளம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, அந்தப் பக்கம் எலும்புக்கூட்டின் விளிம்பு தெரிந்தால் ஓட்டம் நேராக அடிக்கிறது. அதன் கைகள் ஒரே திசையில் விறைப்பாகச் சாய்ந்து நிற்காமல், போவதும் வருவதுமாக ஆட வேண்டும். எஸ்பிஎஸ் கிளைகளின் அடியில் தூசி படிந்தால் ஓட்டம் போதவில்லை. லெதர் பவளம் மெழுகு போன்ற தோலை உரிப்பது இயல்பு. அது உதிராமல் மேலேயே ஒட்டிக்கிடந்தால் அதற்குக் கூடுதல் ஓட்டம் வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் ஒரு வாரம் பொறுத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் நாள் சுருங்குவது வெறும் பழக்கமின்மையாக இருக்கலாம்.

மின்தடையும் பராமரிப்பும்

அமைப்பெல்லாம் முடிந்ததும் பிளக்கை உருவி, சில நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். சில கன்ட்ரோலர்கள் பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கும். சில, முழு வேகத்திலோ நிறுத்திய நிலையிலோ திரும்பும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்தால் என்ன நடக்கும் என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் பம்ப்பாக இருந்தால் பொருத்தமான பேட்டரி பேக்கப் வாங்கி வையுங்கள். நீண்ட மின்தடையில் விளக்கும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கலாம், ஆக்சிஜன் காத்திருக்காது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த வாளியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சுண்ணாம்புப் படிவு கரைந்ததும் இறக்கையையும் அதன் உறையையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். செராமிக் தண்டு எளிதில் உடையும், கவனம். சுத்தம் செய்த பம்ப் முன்பைவிட வலுவாகத் தள்ளும். படிவு சேரச் சேர நீங்கள் சிறிது சிறிதாக ஏற்றிய வேகம் இப்போது அதிகமாகிவிடும். மறுபடி பொருத்தும்போது 10, 15 சதவீதம் குறைவாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். காந்தத்தைக் கழற்றி மாட்டியதில் கோணமும் சற்று நகர்ந்திருக்கும் என்பதால், உணவுத் துகள் சோதனையை அன்றே ஒருமுறை செய்துவிடுங்கள்.